கலிய நாயனாரும் வேலை தேடும் நாமும்



ஆடி மாதத்துக் கேட்டை நாள் கலிய நாயனாரின் குருபூசைத் தினமாகும். கண்ணப்பரையும் காரைக்கால் அம்மையாரையும் நன்கறிந்த எம் பிள்ளைகளுள் கலியரை அறிந்தோர் சிலரே. இம்முறை அவரைப் பற்றி எழுத எமக்கு ஒரு காரணம் உண்டு. அர்ச்சனைச் சீட்டு எழுதுமிடத்தில் பெயரும் நட்சத்திரமும் சொன்ன பின்பு, குரலைத் தாழ்த்தி, "வேலை நிலைக்க வேணும் ஐயா, வீட்டில இன்னும் சொல்லேல்லை" என்பவர்களை அண்மைக் காலமாக அடிக்கடி காண்கிறோம்.

கலியர் திருவொற்றியூரிலே செக்கார் குலத்தில் தோன்றிய செல்வர். ஒற்றியூர் இறைவன் திருக்கோயிலில் இரவும் பகலும் விளக்கெரிப்பது அவருடைய தொண்டு. நாளடைவில் செல்வம் கரைந்தது. அப்போது தம் குலத்தவரிடம் எண்ணெய் வாங்கி விற்று, அதில் வந்த கூலியால் விளக்கெரித்தார். பின்னர் அவர்கள் எண்ணெய் கொடாது விட்டனர். அவரோ செக்காடும் இடத்தில் கூலியாளாய்ச் சேர்ந்தார். முன்பு செல்வராய் வாழ்ந்த அதே ஊரில் கூலிக்கு நிற்க அவர் கூசவில்லை. ஈற்றில் வேலைக்கு ஆட்கள் பெருகியமையால் அக்கூலியும் இல்லாது போயிற்று என்று பெரியபுராணம் கூறுகின்றது. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் இதனைச் சொல்லி வைத்துள்ளார். கலியர் சோம்பியிருந்தார் என்றோ, அவர் தொழிலில் பிழை இருந்தது என்றோ அங்கு ஒரு சொல்லும் இல்லை.

நாம் வாழும் சுவிஸ் நாட்டிலும் இதுவே நடந்தது. 2001 ஒக்ரோபர் 2ஆம் திகதி சுவிஸ்எயார் விமானங்கள் பணமின்றித் தரையில் நின்றன. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் உணவகங்கள் மூடப்பட்டபோது எம்மவர் பலரின் சமையலறை வேலை நின்றது. 1856இல் தொடங்கிய கிரெடிற் சுவிஸ் வங்கியை யூ.பி.எஸ். வாங்கும் என்று 2023 மார்ச் 19ஆம் திகதி அறிவித்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்டில், இந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் வேலையிழப்பர் என யூ.பி.எஸ். கூறியது. எண்பதுகளில் வந்து கோப்பை கழுவிய தகப்பனுக்கு ஒரு வேலை போனால் அடுத்த உணவகத்தின் பின்கதவைத் தட்டத் தெரிந்திருந்தது. படித்து அலுவலகத்திலே அமர்ந்த மகனோ, வேலை போனதை மறைத்துக் காலையில் வழக்கம்போல் ரயில் ஏறுகிறான்.

கலியரின் வரலாற்றில் ஓரிடம் எமக்கும் நெருடலானது. விற்பதற்கு ஒன்றுமில்லாதபோது மனைவியாரையே விற்க முனைந்தார், வாங்குவாரில்லை. இதைக் கேட்டு எம் தாய்மார் முகம் சுழித்தால் அதில் தவறில்லை. எனினும் மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து மாதத்தை ஓட்டுபவர் கலியரைக் குறை சொல்லுமுன் சற்று யோசிக்க வேண்டும். கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தம் குருதியை வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கினார். இறைவன் அந்தக் கையைப் பிடித்தான். அடியவர் உயிரை அவன் கேட்கவில்லை. இனி வாழ்வெதற்கு என்று எண்ணுமளவுக்கு மனம் சோர்ந்தவர் எவரேனும் இதனை வாசித்தால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து பேசுங்கள். 143 என்ற இலக்கத்தில் நள்ளிரவிலும் பேசலாம். அச்சேவையின் ஜேர்மன் பெயருக்கு 'நீட்டிய கை' என்றே பொருள்.

ஆட்குறைப்பு என்ற பேச்சு எழும்போதே செய்யவேண்டியவை சில உள. கோபத்தில் தாமாக விலகற் கடிதம் கொடுக்க வேண்டாம். காப்புறுதிப் பணம் பல வாரங்களுக்கு நிறுத்தப்படலாம். நீட்டிய தாளில் அன்றே கையொப்பமிடவும் வேண்டாம். இடைக்கால நற்சான்றிதழை எந்நேரமும் கேட்க உரிமையுண்டு. உங்களை அறிந்த மேலாளர் போகுமுன் கேளுங்கள். சட்டப்படி அறிவித்தற் காலம் முதலாண்டில் 1 மாதம், 2 முதல் 9 வரையான ஆண்டுகளில் 2 மாதம், அதன்பின் 3 மாதம். ஒப்பந்தத்தில் வேறாகவும் இருக்கலாம். அந்த மாதங்களிலேயே வேலை தேடியதற்கான சான்றை ஆர்.ஏ.வி. கேட்கும். விண்ணப்பப் பிரதிகளை எறியாதீர்கள். வேலையற்ற முதல் நாளுக்குப் பிந்தாமல் பதிய வேண்டும். கடந்த 2 ஆண்டுகளில் 12 மாதம் கட்டியவருக்குச் சம்பளத்தின் 70 அல்லது 80 வீதம் கிடைக்கும். வதிவிட அனுமதிக்குக் கேடு என்று அஞ்சிப் பதியாதோர் உளர். சமூக உதவிப் பணம் வேறு, இது வேறு. மாதாமாதம் எமது சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்ட காப்புறுதி இது.

வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் அன்னதான மண்டபத்தில் எமது இளையோர் ஜேர்மன் மொழியில் விண்ணப்பம் எழுதித் தருகிறார்கள். சான்றிதழ்களுடன் வரலாம், எவரும் எதற்கென்று கேட்கமாட்டார்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், சமையலறை என எங்கே வெற்றிடம் இருப்பினும் அறிந்தவர்கள் அறிவித்தற் பலகையில் எழுதிவிடுங்கள்.

கேட்டையன்று மாலை கலியருக்காக விளக்குகள் ஏற்றுவோம். எண்ணெய் உபயம் தரக்கூடியோர் தருக. ஏனையோர் பிற்பகல் நான்கு மணிக்கே வந்தால் திரி திரிக்கலாம். அந்த வேலைக்கு எமக்கு ஆள் போதாது.