உயிர்த்தண்ணீர்



நேற்று காலை ஆறரை மணிக்கு நம் பங்கு இல்லத்தின் பின்புறம் தொடங்கிய தோட்ட வேலை, பொழுது சாய்ந்து மாதா கெபியில் விளக்குப் போட்ட பிறகுதான் முடிந்தது. வந்து உழைத்தவர்களின் உள்ளங்கையில் கொப்புளம் இன்னும் ஆறியிருக்காது. அந்தக் கையை நீட்டித்தான் இன்று ஆண்டவரின் உடலைப் பெறப் போகிறீர்கள். நினைக்கையில் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மாசியில் குழித்தட்டில் போட்ட தக்காளியும் கத்தரியும் நடுகிற பதத்துக்கு வந்திருந்தன. ஆறு பாத்தி எடுத்தோம். தொழுவுரம் பத்து மூட்டை, வேப்பம்புண்ணாக்கு ஒரு மூட்டை, பொள்ளாச்சியிலிருந்து வந்த மக்கிய நார்க்கழிவு கொஞ்சம். வெண்டையையும் கொத்தவரையையும் நேராகவே ஊன்றினோம். முந்தின இரவு ஊறவைத்த பாகல் விதைகளைப் பீடச் சிறுவர்கள் எண்ணி எண்ணிப் போட்டார்கள். பந்தல் கட்டக் கயிறு பற்றாமல் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்ததையும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

எரியும் புதரின் அருகே மோசேயிடம் காலணியைக் கழற்றச் சொன்னார் கடவுள். இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். நேற்று பாத்தியில் இறங்குமுன் நம் பெரியவர்கள் எல்லாரும் செருப்பை வரப்போரம் விட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கொங்கு மண்ணில் பண்ணையம் பார்த்த கால்களுக்கு அது தானாக வருகிறது.

பின்மதிலோரம் நிற்கிற எலுமிச்சையை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நான் இந்தப் பங்குக்கு வந்த நாளிலிருந்து அது பூத்துப் பார்த்ததில்லை. பீர்க்கன் பந்தலுக்கு இடம் வேண்டுமே என்று அதை வெட்டச் சொன்னேன். அரிவாளும் வந்துவிட்டது. அப்போது நம் பங்கின் மூத்த அம்மா ஒருவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றார். “வெட்டிப் போடாதீங்க சாமி. சுத்தியும் கொத்தி உட்டு ரெண்டு கூடை எருப் போட்டுப் பாக்கலாமுங்க. காய்க்கலே காய்க்கலேன்னு சொல்றமே, அதுக்கு நாம என்னத்தங்க செஞ்சோம்?”

எனக்குப் பதில் வரவில்லை. அரிவாள் போய்க் கடப்பாரை வந்தது. முதல் குத்துக்கு, பாறையில் பட்டதுபோல ‘ணங்’கென்று எகிறியது. ஒரு சாண் ஆழத்துக்கு மண் கல்லாக இறுகிக் கிடந்தது. ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் பை, உருகி உறைந்த மெழுகுவத்திக் கட்டை எல்லாம் உள்ளிருந்து வந்தன. ஏன் இப்படி இறுகியது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் இரு சக்கர வண்டிகளை நிறுத்துகிற இடம் அது. நிழலுக்காக நானும் என் வண்டியை அங்கேதான் விடுகிறேன். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வழியில்லாமல் செய்தது நாம். காய்க்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னதும் நாம்.

அன்பானவர்களே, நேற்றிரவு இன்றைய நற்செய்தியை மறுபடி எடுத்து வாசித்தேன். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்தவர் அத்தி மரத்தை வெட்டச் சொல்கிறார். அந்தக் குரல் என் குரலாகவே எனக்குக் கேட்டது. தோட்டக்காரரோ, இந்த ஓராண்டு விட்டுவையுங்கள் என்று கெஞ்சுகிறார். அதோடு நிற்கவில்லை. சுற்றிலும் கொத்துவேன், எருப் போடுவேன் என்று தன் முதுகையும் கையையும் சேர்த்து அடகு வைக்கிறார். இரக்கம் என்றால் தண்டிக்காமல் விட்டுவிடுவது என்றுதான் நாம் பெரும்பாலும் நினைத்துக்கொள்கிறோம். அவர் கேட்டதைக் கவனியுங்கள்: மரத்துக்கு ஓராண்டு தவணை, தனக்கு ஓராண்டு வேலை. நம் ஆண்டவர் நமக்காகப் பிதாவிடம் பரிந்து பேசுவதும் அப்படித்தான். பேசிவிட்டு மண்வெட்டியோடு நம்மிடம் வருகிறார்.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். தேர்வில் தோற்ற மகன். குடியை விடமுடியாமல் தவிக்கும் கணவர். கூப்பிட்டாலும் அன்பியக் கூட்டத்துக்கு வராத பக்கத்து வீட்டார். உருப்பட மாட்டார்கள் என்று யாரை மனத்துக்குள் வெட்டிவிட்டோம்? அவர்கள் வேரின்மேல் நிற்பது யாருடைய வண்டி? இந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நான் அதை என் அறைக்கு எடுத்துச் செல்கிறேன். அது நம்மைக் குத்துமானால் பயப்பட வேண்டாம். இறுகிய மண்ணில் கடப்பாரை இறங்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஒப்புரவு அருள்சாதனத்துக்கு நான் தினமும் மாலை ஆறு மணி முதல் காத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வாங்குகிற விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயருக்கு முன்னால் ‘கோ’ என்று இருந்தால், அது நம் கோயம்புத்தூரைக் குறிக்கும். சைதாப்பேட்டையில் 1868இல் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் இங்கே பெயர்ந்து வந்த வேளாண் கல்லூரிதான் 1971இல் அந்த ரகங்களைத் தருகிற பல்கலைக்கழகமாயிற்று. அதுவே ஒரு நாற்றுப்போலப் பிடுங்கி நடப்பட்டதுதான். 1912இல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1918இல் தந்த கோ 205 என்ற கரும்பு, வட இந்திய வயல்களில் போய் வேர்பிடித்தது. நம் ஊர்ப் பயிரை அந்த மண் ஏற்றுக்கொண்டது. இன்று அந்தத் திசையிலிருந்து மனிதர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பகுதி மில்களில் வேலை செய்கிற குடும்பங்கள் இந்த ஆலயத்தின் கடைசி வரிசையில் இருக்கின்றன. சற்றே திரும்பிப் பாருங்கள்.

அவர்களில் ஒரு சகோதரி நேற்று மாலை நாற்று நடும்போது வந்தார். தமிழ் அதிகம் தெரியாது. நாம் நட்டுக்கொண்டே போக, அவர் பின்னாலேயே வந்து ஒவ்வொரு நாற்றின் மேற்குப் பக்கத்திலும் ஒரு பூவரச இலையைக் குத்தி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். “வெயில், ஃபாதர்” என்றார். அந்த ஒரு சொல்தான். இடம் மாறிய செடிக்கு வெயில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதங்களாக அவருக்கு நாம் ஒரு நிழல் இலை வைத்தோமா?

இன்று விடியலில் போய்ப் பார்த்தேன். நாற்றுகளில் பாதி தலை தொங்கிக் கிடக்கின்றன. எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். இலையிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும், ஈடுகட்டப் போதிய வேர் இருக்காது. புதிதாய்ச் செடி வைத்தவர்கள் பட்டுப்போயிற்று என்று பிடுங்கி எறிவது இந்த நேரத்தில்தான். நம் விவசாயிகள் எறிவதில்லை. நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் ஒரு தண்ணீர். அந்த மூன்றாம் நாள் தண்ணீருக்கு நம் முன்னோர் வைத்த பெயர் உயிர்த்தண்ணீர். எழுத்தறியாத எத்தனையோ உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற சொல் அது. உயிர்ப்பின் காலையில் கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுத மகதலா மரியா, ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். அவர் தவறாக நினைத்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாளில் உயிரோடு வருகிற தோட்டக்காரர்தான் அவர்.

வாடிக் கிடக்கிறவர்களே, உங்களுக்காக இதைச் சொல்கிறேன். பிள்ளையை அடக்கம் செய்தவர்கள், வேலை போனவர்கள், ஊரை விட்டு வந்து பேச ஆளில்லாமல் இருப்பவர்கள் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். உங்கள் தலை தொங்கியிருப்பதைப் பார்த்து அவர் உங்களைப் பிடுங்க மாட்டார். நட்டவர் அவர். நாளையும் வருவார்.

எலுமிச்சையின் அடியில் கொத்தி எருப் போட்டாயிற்று. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறோம். வண்டிகளை இனி முன்வாசலில் நிறுத்துங்கள். நாற்றுகளுக்கு நாளை, திங்கள் மாலை ஐந்தரை மணிக்கு, உயிர்த்தண்ணீர் விட வேண்டும். குடமும் வாளியும் இங்கே இருக்கின்றன. வரும்போது கடைசி வரிசையில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.