ஆட்சி போனாலும் ருசி போகாது

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பேராலய முகப்புத் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கப்பட்டிருக்கிறது. 1072இல் அரபுகளிடமிருந்து நகரைப் பிடித்த நார்மன் கிறிஸ்தவர்கள், அரபுக் கலைஞர்களை ஒதுக்கவில்லை. இரண்டாம் ரோஜர் மன்னர் கட்டிய அரண்மனைத் தேவாலயத்தில் மரக்கூரை இஸ்லாமியப் பாணி; சுவரில் மின்னும் பொன் மொசைக் பைசாந்தியப் பாணி. யுனெஸ்கோ 2015இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நகரின் பல்லாரோ சந்தையில் அதே வரலாறு எண்ணெய்ச் சட்டியில் பொரிகிறது. கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, வில்லை போட்டுப் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் அடுக்கி, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். பெயர் பனெல்லே. பக்கத்துக் கடையில் குங்குமப்பூ மணக்கும் அரிசி உருண்டை. எலுமிச்சையும் கரும்பும் இத்தீவில் பரவியது அரபு ஆட்சியில்தான்.

13ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் பழக்கிய ருசியை எந்த அரசாணையாலும் வெளியேற்ற முடியவில்லை.

வெளியூர் போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். யார் ஆண்டார்கள் என்பதைக் கோட்டை சொல்லும். யார் வாழ்ந்தார்கள் என்பதைத் தெருக்கடைதான் சொல்லும்.