பண்ணும் பஜனையும்

மலேசியாவின் பேரா மாநிலத்துக் கோயில்களில் பூசையை ஒட்டி இருவகைப் பாடல்கள் ஒலிக்கின்றன. தீபாராதனை முடிந்ததும் ஒருவர் முன்வந்து 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கி, தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாடலாக ஓதுவது முதல்வகை. பஞ்சபுராணம் ஓதுதல் எனப்படும் இம்முறையில் பாடுபவர் ஒருவராக இருக்க, மற்றவர்கள் கைகூப்பிக் கேட்டிருப்பார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் சேர்ந்து ஒலிக்க, ஒருவர் எடுத்துக் கொடுத்த அடியைக் கூட்டம் முழுவதும் வாங்கிப் பாடும் பஜனை இரண்டாம்வகை. பாகவத புராணம் பக்தியை ஒன்பது வகையாகப் பகுத்து, இறைவன் புகழைக் கேட்பதை முதலிலும் அதைப் பாடுவதாகிய கீர்த்தனத்தை இரண்டாவதாகவும் வைக்கிறது. பஜனை அந்தக் கீர்த்தனத்தின் கூட்டு வடிவம். பண் பிசகாமலும் சொல் சிதையாமலும் பாடினால்தான் பாட்டு வழிபாடாகுமா, உள்ளம் உருகினால் பிசகுகள் பொறுக்கப்படுமா என்னும் கேள்வி இவ்விரு வகைகளுக்கும் பொதுவானது எனினும், இரண்டுக்கும் ஒரே விடை பொருந்துமா என்பது முதலில் ஆராயத்தக்கது.

கங்காணி முறையில் ஆள் சேர்க்கப்பட்ட காலம் தொடங்கி, இந்திய அரசு 1938இல் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்த காலம் வரை, சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்த மக்களோடு மாரியம்மனும் முனியாண்டியும் வந்தார்கள், ஓதுவார்கள் வரவில்லை. ஓதுவார் என்பவர் மடத்துப் பாடசாலையில் ஆண்டுக்கணக்கில் பண்ணோடு திருமுறை பயின்று, கோயில் மானியத்தில் வாழ்ந்து, சந்நிதியில் பாடுவதையே தொழிலாகக் கொண்டவர். மானியமும் மடமும் இல்லாத ரப்பர் தோட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது பஜனை. மார்கழியில், விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கும் முன்பே எழுந்து, லயம் எனப்படும் வரிசை வீடுகளைச் சுற்றிப் பாடிவரும் வழக்கமும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விளக்கேற்றி வைத்துப் பாடும் வழக்கமும் தோட்டங்களில் வேரூன்றின. கீழ்ப் பேராவில் தெலுங்கர் மிகுதியாகக் குடியேறிய தோட்டங்களில் இராமர் பஜனை இதே நிலையில் நின்றது.

இந்தப் பஜனைகளில் பாடியவர்கள் பெரும்பாலும் சுரம் பயிலாதவர்கள் என்பதால் அவை முறையற்றவை என்று முடிவு கட்டுவது பிழை. விநாயகர் பாடலில் தொடங்கி மங்களத்தில் முடிக்க வேண்டும் என்பது முறை. மார்கழி முழுவதும் புலால் தவிர்த்து, நீராடி, வெறுங்காலுடன் வர வேண்டும் என்பது முறை. எடுத்துக் கொடுப்பவர் கூட்டம் வாங்கி முடிக்கும்முன் அடுத்த அடிக்குத் தாவக்கூடாது என்பதும் முறையே. எழுதப்படாத இவ்விதிகளை மீறியவரை மூத்தவர்கள் அங்கேயே திருத்தினார்கள். ஆகவே தோட்டத்தில் பக்தி மட்டும் இருந்தது, நகரத்துக்கு வந்தபின் முறை வந்தது என்று சிலர் எழுதும் வரலாறு பாதி உண்மையே. தோட்டத்தில் இருந்தது வேறொரு முறை. அது குரலைவிட நடத்தையையும், தனி ஒருவரின் திறனைவிடக் கூட்டத்தின் ஒழுங்கையும் அளந்தது.

சைவ சித்தாந்தத்தின் மொழியில் சொன்னால் இது சரியை சார்ந்த அளவு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் சரியை உடலால் செய்யும் தொண்டு. கோயிலைப் பெருக்குவது, பூத்தொடுப்பது, விளக்கிடுவது, புகழ் பாடுவது ஆகியவை அதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. பெருக்குபவரிடம் எதிர்பார்க்கப்படுவது அன்றாடம் தவறாமையும் கவனமும் ஆதலால், அதே வரிசையில் நிற்கும் பாடலுக்கும் அவையே முதல் தகுதிகள் ஆகின்றன. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்ததாகவும், அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செல்ல, சம்பந்தர் பெற்ற காசுக்கு மட்டும் கடைத்தெருவில் வட்டம் பிடிக்கப்பட்டதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. வட்டம் என்பது நாணயத்தின் மாற்றுக் குறைவுக்காகக் கழிக்கும் தொகை. பாட்டில் இருவரும் ஒப்பற்றவர்களாக இருந்தும், அப்பர் கையில் உழவாரம் பிடித்துக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர் என்பதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று மரபு விளக்குகிறது. உடலுழைப்பால் வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு இதைவிட ஆறுதலான கதை திருத்தொண்டர் வரலாற்றில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

முறைக்கும் பக்திக்கும் இடையிலான வழக்கு மிகத் தெளிவாக நடந்தேறிய இடம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நந்தனாராகிய திருநாளைப்போவாரைப் பற்றிப் பெரியபுராணம் சுருக்கமாகச் சொல்லும் வரலாற்றில் இல்லாத வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் பாரதியார் புதிதாகப் படைத்தார். சிதம்பரம் போக விடைகேட்கும் பண்ணையாளிடம் நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையை முடித்துவிட்டுப் போ என்று அவர் நிபந்தனை விதிப்பதாகக் கதையை விரித்தார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பெறவேண்டி, அக்காலத் தமிழ்ப்புலமையின் உச்சியில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் பலமுறை நாடினார். கீர்த்தனைகளில் இலக்கணப் பிழைகள் இருந்ததாலும் கதை மூலத்திலிருந்து விலகியதாலும் பிள்ளை பிடிகொடுக்காமல் நாள் கடத்தினார் என்றும், ஒருநாள் காத்திருந்த வேளையில் பாரதியார் தமக்குள் உருகிப் பாடியதை உள்ளிருந்து கேட்டு மனம் கரைந்து, பின்னர் பாயிரம் தந்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். நூல் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசெயின் ஆதரவில் 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது.

இந்நிகழ்ச்சியைப் பக்தி இலக்கணத்தை வென்ற கதையாகச் சொல்வதே வழக்கம். ஆனால் பிள்ளை தம் கருத்தை மாற்றிக்கொண்டு பிழைகளைச் சரி என்று சொல்லிவிடவில்லை; ஏட்டில் படிக்கும்போது குறையாகத் தெரிந்தது பாடக் கேட்கும்போது வேறொரு தராசில் நிறுக்கப்பட வேண்டியது என்பதைத்தான் ஏற்றுக்கொண்டார். கீர்த்தனை கேட்பதற்கும் வாங்கிப் பாடுவதற்கும் உரியது. பாமரரின் நாவில் புரளும் சிந்து மெட்டுகளையும் பேச்சு நடையையும் அது தெரிந்தே எடுத்துக்கொண்டது. மலாயாவில் 1913 முதல் 1923 வரை தோட்ட மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் பணிபுரிந்து, பின்னாளில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆன பத்தமடை மருத்துவரும் அங்கிருந்த காலத்திலேயே அன்பர் வீடுகளில் நந்தன் பஜனை பாடியவர். தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்டுத் தோட்ட அதிகாரியான துரையின் முன் நின்ற தொழிலாளிக்கு, அதிலும் சாதியின் பெயரால் ஊரில் கோயில் வாசலோடு நிறுத்தப்பட்ட பின்னணி உடையவருக்கு, நாற்பது வேலி நிபந்தனையை உரையாசிரியர் விளக்க வேண்டிய தேவை இருந்திராது.

தேவாரத்தின் நிலை வேறு. கீர்த்தனையில் மெட்டை மாற்றினாலும் பாட்டு பாட்டாக நிற்கும். தேவாரப் பதிகத்துக்குப் பண் அதன் உடலின் ஒரு பகுதி. நட்டபாடை இன்றைய கம்பீரநாட்டையாகவும், கௌசிகம் பைரவியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுவது பலநூறு ஆண்டு வழக்கின் விளைவு. இந்த வழக்கின் தோற்றம் பற்றித் திருமுறைகண்ட புராணம் சொல்வது கவனிக்கத்தக்கது. தில்லையில் ஏடுகளை மீட்ட சோழமன்னனும் நம்பியாண்டார் நம்பியும் பண் அறியாது தவித்தபோது, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன. பாணர் குலம் கோயிலுக்குள் எளிதில் நுழைய முடியாத குலமாகக் கருதப்பட்டது; யாழ்ப்பாணரே திருவாலவாய்க் கோயிலின் முன்நின்று பாடியபின்தான் உள்ளே அழைக்கப்பட்டார் என்பது பெரியபுராணச் செய்தி. இன்று தூய்மையின் பெயரால் காக்கப்படும் அளவுகோல், தூய்மையற்றவர் என்று விலக்கப்பட்ட ஒரு குலத்தின் பெண்ணிடமிருந்து வந்தது. பண்ணை வலியுறுத்துவோர் இதை நினைவில் கொண்டால் அவர்கள் குரலில் இருக்கும் கடுமை சற்றே தணியக்கூடும்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பருக்கு மாற்றாக வந்த செம்பனையும், நகர வளர்ச்சியும் பேராவின் தோட்ட மக்களைப் புந்தோங் போன்ற ஈப்போப் பகுதிகளுக்கும் சிறுநகர்களுக்கும் பெயர்த்தன. துண்டாடலைத் தடுக்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களை வாங்கியது. ஆயினும் லயம் என்னும் வாழ்க்கை அமைப்பு நிலைக்கவில்லை. லயம் கலைந்தபோது, விடியலில் ஒன்றாக எழுந்து சுற்றிவரும் பஜனைக் கூட்டமும் கலைந்தது. 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாக்களும், கோயில்களில் ஞாயிறுதோறும் நடக்கும் தேவார வகுப்புகளும் அந்த இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக நடக்கும் இப்போட்டிகளால், தோட்டத்தில் மூன்று தலைமுறையாகக் கேட்கப்படாத பதிகங்களைப் பேரன் பேத்திகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்; தருமபுரம் ப. சுவாமிநாதனின் ஒலிப்பதிவுகள் மடத்துப் பாடசாலைக்கு மாற்றாக இருந்து அவர்களுக்குப் பண் கற்றுக் கொடுக்கின்றன. இது சிறிய சாதனை அன்று.

ஆயினும் போட்டி அளக்கக்கூடியதை மட்டுமே அளக்கும். உச்சரிப்பு, பண், தாளம், மனப்பாடம் ஆகியவற்றுக்குப் புள்ளி தரலாம். பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து பாடும் பொறுமைக்குப் புள்ளி இல்லை. தனித்துப் பாடிப் பரிசு பெற்ற குழந்தை கூட்டத்தில் வாங்கிப் பாடத் தயங்குவதும், பரிசு பெறாத குழந்தை தனக்குப் பாட வராது என்று முடிவு செய்துகொள்வதும் இதன் பக்க விளைவுகள். தேசிய மொழிப் பள்ளியில் பயின்ற பலர் ரோமன் எழுத்தில் அச்சிட்ட திருமுறையை வைத்தே ஓதுவதால், ழகர ளகர வேறுபாடும் நெடில் குறில் வேறுபாடும் கண்ணுக்கே தெரியாமல் போகின்றன. ஒலிப்பதிவு அதை ஓரளவு ஈடுசெய்கிறது. பேராவுக்கு வடக்கே தாய்லாந்தில், அரசவைப் பிராமணர்கள் திரியம்பாவைச் சடங்கில் ஓதிவந்த பாடல்களுள் திருவெம்பாவை இருப்பதை அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். மொழி மறந்தபின்னும், திரிந்த வடிவிலேனும் ஒலி சடங்கில் எஞ்சி நிற்க முடியும் என்பதற்கு அது சான்று. பொருளறியாத அந்த ஓதலை அடியோடு வெறுமை என்று தள்ள முடியாது, ஏனெனில் ஓதியவர்களின் ஈடுபாடு பொய்யன்று. எனினும் மலேசியத் தமிழர் தம் பிள்ளைகளுக்கு அந்த நிலையை விரும்பமாட்டார்கள்.

எது தக்க பாடல் என்னும் கேள்வியில் திரைமெட்டு பற்றிய வழக்கும் எழுகிறது. தைப்பூசத்தன்று ஈப்போவின் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குச் செல்லும் காவடிகளோடு உறுமியும் தப்பும் ஒலிக்கின்றன. அவற்றோடு திரைப்பாட்டின் சந்தத்தில் முருகன் பெயரைப் பொருத்திப் பாடும் குழுக்களும் உண்டு. இதை ஆலய நிர்வாகங்களும் சமய அமைப்புகளும் கண்டிக்கின்றன. கண்டனத்தில் இரு வேறு குற்றச்சாட்டுகள் பிரிக்கப்படாமல் கலந்து கிடக்கின்றன. உறுமி இழிந்த கருவி என்பது ஒன்று. அது சாதியுணர்வின் எச்சம், வழிபாட்டு நூல் எதிலும் அதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. திரைமெட்டு கேட்பவரின் நினைவைத் திரைக்கதைக்கே இழுத்துச் செல்கிறது என்பது மற்றொன்று. இது ஏற்கத்தக்கது, ஏனெனில் கீர்த்தனத்தின் ஒரே வேலை நினைவை ஓரிடத்தில் நிறுத்துவது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து மக்களின் மெட்டில்தான் பிறந்தது, ஆனால் அந்த மெட்டு வேறொரு காட்சியைக் கண்முன் கொண்டுவரவில்லை. சிங்கப்பூர் 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை விதித்து, 2016இல் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நேரடி இசையை அனுமதித்தது. ஒழுங்கை மட்டும் கருதிய அத்தகைய தடை எது தக்க பாடல் என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

நாமசங்கீர்த்தன மரபில் இக்கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து விடை கிடைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் காவிரிக்கரையில் வாழ்ந்த போதேந்திரரும் ஸ்ரீதர ஐயாவாளும் நாமத்தின் பெருமையை நிலைநாட்ட, மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் (1777–1817) தோடயமங்களம் தொடங்கி அஷ்டபதி, தரங்கம், திவ்யநாமம் என்று செல்லும் பஜனை வரிசையை வகுத்தார். இம்மரபு நாமாபராதம் என்று பத்துக் குற்றங்களைப் பேசுகிறது. நாமம் சொல்பவர் தவிர்க்க வேண்டியவை அவை. பத்மபுராணத்தை ஒட்டிய அந்தப் பட்டியலில் அடியாரை இகழ்தல் முதலில் நிற்கிறது. சிவ நாமத்தையும் விஷ்ணு நாமத்தையும் வேறுபடுத்துதல், குருவை அவமதித்தல், நாமத்தின் துணையால் பாவம் செய்தல், கவனமின்மை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. சுருதி விலகலும் தாளப் பிழையும் பத்தில் எங்கும் இல்லை. எனவே பஜனையில் அபசுரமாகப் பாடிய முதியவரை முகம் சுளித்து நிறுத்தும் இசையாசிரியர், தாம் காக்க நினைக்கும் மரபின் முதல் குற்றத்தையே செய்பவர் ஆகிறார். அதே வேளையில், கைபேசியைப் பார்த்தபடி சுத்தமாகப் பாடுபவரும் கவனமின்மை என்னும் குற்றத்திலிருந்து தப்பவில்லை.

கூட்டுப் பாடலுக்கென்று இசைத்திறன் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எடுத்துக் கொடுப்பவரின் திறன் மேடைப் பாடகரின் திறனினும் வேறானது: பாட்டிமாருக்கும் சிறுவருக்கும் எட்டும் சுருதியைத் தேர்வது, கூட்டம் சூடேறும்வரை காலத்தைக் கட்டிவைத்து மெல்ல உயர்த்துவது, தாளம் சிக்கலான திருப்புகழைப் புதியவர் நிறைந்த நாளில் தவிர்ப்பது, தம் குரல் கேட்காமல் போகும் தருணத்தை விரும்புவது. இத்திறனைத் தேவார வகுப்பு கற்பிப்பதில்லை, ஒலிப்பதிவும் காட்டுவதில்லை. பஜனைக் கூட்டத்தில் பல ஆண்டுகள் ஜால்ரா தட்டியவருக்குத்தான் அது படிந்தது. தேவாரத்துக்கு ஏடு இருந்தது, பண் தொலைந்தபோது கேட்டறிய யாழ்ப்பாணர் வழியில் ஒருவர் இருந்தார், இருபதாம் நூற்றாண்டில் ஒலிப்பதிவும் வந்தது. பேராத் தோட்டங்களில் எந்தப் பாடலுக்குப்பின் எந்தப் பாடல், எந்த லயத்தில் தொடங்கி எங்கே முடிப்பது, எந்த அடியில் கைதட்டு மாறும் என்பவை பெரும்பாலும் ஏடேறவில்லை. அவற்றைச் சிறுவராக இருந்து கற்றவர்களுள் 1940களில் பிறந்தோர் இன்று எண்பதை ஒட்டிய வயதில் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், திருமுறை விழாக்களின் நடுவர் மேசைக்கு அவர்களை அழைக்கும் வழக்கம் இல்லை.