கன்று நடுமுன் ஓதத்தை அளந்துவிடுங்கள்

நாற்றங்கால் தயார், பேனர் தயார், ஜூலை 26 உலக அலையாத்தி நாளுக்குப் படமெடுக்க ஆளும் தயார். "பிச்சாவரத்தில் பலித்தது, இதுவும் உப்பங்கழிதான், அதே மாதிரித் திட்டம்" என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பும் அன்பர்களே, அந்தக் கோப்பைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எதை அளந்து 'அதே மாதிரி' என்றீர்கள்? பரப்பளவு, கன்றுகளின் எண்ணிக்கை, மதிப்பீட்டுத் தொகை. மூன்றும் கச்சிதமாக ஒத்துப்போகும், கன்று செத்துப்போகும்.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் அதுதான் நடந்தது. நட்ட இடங்களில் 23-ஐ ஆராய்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயிரம் ஹெக்டேருக்குக் குறையாத முயற்சியில் தேறியது ஏறத்தாழ 200 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மாடு மேய்ந்தது, பராமரிப்பில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முருங்கைக்காய்போல் தொங்கும் சுரபுன்னை முளைகளைப் பறிப்பதும் சேற்றில் குத்துவதும் எளிது. தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்காமல் அந்த முளைகளையே கண்ட இடத்தில் குத்தினார்கள்.

பிச்சாவரத்தின் கதையே வேறு. அங்கே முன்பு காட்டை மொட்டையாக வெட்டியதில் தரை அமிழ்ந்தது. ஏறிய ஓதம் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பு ஏறியது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழிசெய்த பிறகுதான் கன்று பிடித்தது. உங்கள் இடத்துக்கு அந்த நோய் உண்டா? இல்லையென்றால் அந்த மருந்து எதற்கு?

உங்கள் இடத்தில் முன்பு அலையாத்தி இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். இருந்ததே இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். வெறும் சேறு தரிசு என்று எண்ணிவிடாதீர்கள். கொக்கும் உள்ளானும் இரை தேடும் இடம் அது. ஓதம் தரையை எத்தனை மணி நேரம் மூடுகிறது, சித்திரை வெயிலில் மண்ணின் உப்பு எவ்வளவு, நன்னீர் எந்த மாதம் வந்து சேர்கிறது: இந்த மூன்றையும் இரண்டு இடத்திலும் அளந்து, பக்கம் பக்கமாக எழுதுங்கள். படகுக்காரரையும் கூட்டிக்கொண்டு அமாவாசைக்கு ஒரு முறை, அட்டமிக்கு ஒரு முறை போய்க் கம்பு நட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஒத்துவரவில்லையா? 'ஒப்புமை இல்லை' என்று கோப்பிலேயே எழுதி, கன்றுகளை நாற்றங்காலுக்குத் திருப்பி அனுப்புங்கள்.