நைட்டிங்கேலின் கடவுளும் நாம் செய்யும் மரியாதையும்

மே 12 வந்தால் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பார்கள். மேடையில் பேசுகிறவர் ‘வெள்ளுடை தேவதைகள்’ என்று ஒருமுறையாவது சொல்லாமல் இறங்கமாட்டார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. வாழ்நாள் முழுவதையும் ஒரு தொழிலுக்குத் தந்தவரை ஆண்டுதோறும் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அவரைத் தெய்வ அருள் பெற்ற விதிவிலக்கான பிறவியாக உயர்த்திக் கும்பிடுவது, அவரே கொண்டிருந்த கடவுள் கொள்கைக்கு நேர் விரோதமானது என்று நினைக்கிறேன். அவரை எப்படி மதிப்பது என்பது விழாக்குழுவின் கவலை மட்டுமல்ல, சமயம் சார்ந்த ஒரு கேள்வியும்கூட.

1837 பிப்ரவரியில், பதினாறு வயதில், கடவுள் தன்னைப் பணிக்கு அழைத்ததாக அவர் எழுதிவைத்தார். பக்தி வரலாறுகளில் பழகிய நமக்கு இது புதிதல்ல. அந்த அழைப்பை அவர் பின்னாளில் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் புதிது. 1860இல் மூன்று தொகுதிகளாக, எண்ணூறு பக்கங்களுக்கு மேல், தனிச்சுற்றுக்கு மட்டும் ஒரு நூலை அச்சிட்டு தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் பெஞ்சமின் ஜோவெட் போன்றோரின் கருத்தைக் கேட்டார். அவர் வாழ்நாளில் அது பொதுவெளிக்கு வரவில்லை. அதன் மையக் கருத்து இது: கடவுள் மாறாத விதிகளின் வழியாகவே செயல்படுகிறார், யார் வேண்டினாலும் அந்த விதியைத் தளர்த்தமாட்டார். கொள்ளைநோயிலிருந்து காப்பாற்று என்று மன்றாடுவதைவிட, அந்த நோய் எந்தச் சாக்கடையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதைச் சுத்தம் செய்வதே அவரைப் பொறுத்தவரை வழிபாடு. பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் கெத்லேயை அவர் அவ்வளவு போற்றியதும் இதனால்தான். பிறப்பு, இறப்பு, குற்றம் எல்லாவற்றிலும் ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கு தென்படுகிறது என்று கெத்லே காட்டியபோது, நைட்டிங்கேல் அதில் கடவுளின் சிந்தனையைப் படித்தார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்ட அந்தப் பெண்மணிக்கு எண்ணும் கணக்கும் இறையியலின் ஒரு பகுதி.

கிரிமியப் போரை இந்தக் கண்ணோடு பார்த்தால் கதை மாறிவிடுகிறது. 1854 நவம்பரில் 38 பேர் கொண்ட குழுவோடு அவர் துருக்கியில் ஸ்கூட்டாரியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவர் கால்பட்டதும் சாவு குறைந்தது என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட கதை. உண்மையில் அவர் போன பிறகு வந்த குளிர்காலத்தில்தான் சாவு உச்சத்தைத் தொட்டது. 1855 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் மடிந்தார்கள். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. மார்ச் மாதம் சுகாதார ஆணைக்குழு வந்து சாக்கடைகளைக் கழுவி, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகு, சில மாதங்களில் அந்த விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இதைப் பிற்கால ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து அவர் மேல் பழிபோட வேண்டியிருக்கவில்லை. புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் துணையோடு கணக்கெடுத்து, வண்ண விளக்கப்படங்களாக வரைந்து, பெரும்பாலானவர்களைக் கொன்றது காயமல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய் என்று அச்சில் சொன்னவர் நைட்டிங்கேலே. தன் பெயரில் வளர்ந்துகொண்டிருந்த அற்புதக் கதையின் அடித்தளத்தை அவரே பெயர்த்தார். விளக்கேந்திய சீமாட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மரியாதை, அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே நேர்மையான பக்கத்தைக் கிழித்துவிட்டுச் செய்யும் மரியாதை.

தன்னைத் தேடிவந்த புகழை அவர் நடத்திய விதமும் இந்தக் கொள்கையோடு பொருந்துகிறது. 1856இல் பொது வரவேற்புகளுக்குப் பிடிகொடுக்காமல் ‘மிஸ் ஸ்மித்’ என்ற பெயரில் ஊர் திரும்பினார். நன்றியாக மக்கள் திரட்டிய சுமார் 45,000 பவுனைக் கொண்டு 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. தான் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய ஓர் ஏற்பாடாக அந்தக் காணிக்கை மாறியது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். கிராமத்துக் கல்லறையில் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும் இருக்கின்றன.

இங்கே ஒரு தடை எழும். எல்லாம் விதிப்படிதான் என்றால் நைட்டிங்கேலின் குணமும் உழைப்பும்கூட விதியின் விளைவுதானே, பிறகு பாராட்டுக்கு என்ன இடம்? வள்ளுவர் அறத்துப்பாலின் கடைசியில் ஊழையும், பொருட்பாலில் ஆள்வினையுடைமையையும் வைத்திருப்பதை அறிந்த தமிழருக்கு இந்த இழுபறி பழக்கமானது. நைட்டிங்கேலின் விடை, விதி என்பது தலையெழுத்து அல்ல என்பது. அழுக்கில் கொல்லும் அதே விதிதான் சுத்தத்தில் காக்கிறது. நிலைமையை மாற்றினால் விளைவு மாறும், அப்படி மாற்றுகிற வேலையைக் கடவுள் மனிதர் கையில் விட்டிருக்கிறார். இந்த விடை முழுமையானதென்று நான் சொல்லமாட்டேன். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதும் எந்த விதியால் என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போகலாம். ஆனால் ஒன்று தெளிவாகிறது: இந்தச் சட்டகத்தில் பாராட்டு என்பது நற்செயலுக்குத் தரும் கூலியாக நிற்காது, நன்றியாக நிற்கும். நன்றிக்கோ அடுத்து ஒரு வேலை இருக்கிறது.

கணக்கும் விதியும் பேசுகிறீர்களே, வலியில் கிடப்பவனுக்கு வேண்டியது ஆறுதலான ஒரு கைதானே என்பது அடுத்த தடை. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதுதான் பிழை. 1859இல் அவர் எழுதிய செவிலியர் குறிப்புகளில் காற்று, வெளிச்சம், உணவு நேரத்தோடு, தேவையற்ற சத்தத்தைப் பற்றியும் தனியாக எழுதுகிறார். நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி கிசுகிசுப்பதைக் கொடுமை என்றே கருதினார். பரிவை இப்படி உற்றுநோக்கக்கூடிய, கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றாக ஆக்கியதால்தான் அது ஒருத்தியின் நல்ல மனதோடு முடிந்துபோகாமல் அடுத்த தலைமுறைக்குப் போனது.

என் வாதத்துக்கு உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் 1887இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கி, செவிலியருக்கு அரசுப் பதிவு வேண்டும் என்று போராடியபோது நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். நல்ல செவிலியின் குணத்தைத் தேர்வும் பதிவேடும் அளக்காது என்பது அவர் பக்கம். விதியையும் ஏற்பாட்டையும் நம்பியவர், இந்த ஓரிடத்தில் மட்டும் தனிமனிதக் குணத்தை நம்பினார். தன் இறையியலிலிருந்தே சறுக்கினார் என்பேன். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1919இல் பதிவுச் சட்டம் வந்தது. தேவதையை இப்படி மறுத்துப் பேச முடியாது. ஒரு தொழிலின் முன்னோடியோடு வாதாடலாம். இந்த வேறுபாடு நம்மூரிலும் முக்கியமாகிறது. 2017 நவம்பரில் தமிழ்நாட்டின் ஒப்பந்தச் செவிலியர்கள் பணிநிரந்தரம் கேட்டுச் சென்னையில் கூடினார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் ‘தொண்டு செய்கிறவர்கள் தெருவுக்கு வரலாமா’ என்று கேட்பவர்கள் நைட்டிங்கேலின் விளக்கைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் வரைந்த படங்களை விரித்து, ஒரு வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர், அதனால் எத்தனை சாவு என்று கேட்டால் அந்தச் சாட்சி செவிலியர் பக்கம்தான் பேசும்.