போற்றுதலும் பேணுதலும்

பழம்பொருளைப் போற்றுதல் அறமா, வீண்பற்றா என்று நண்பர்களுடன் யாம் பலகால் வாதித்ததுண்டு. அவ்வினா எமது வீட்டுக் கொட்டகையிலேயே துருப்பிடித்துக் கிடந்ததை மட்டும் நெடுநாள் உணர்ந்தோமில்லை.

எமது பாட்டனார் டுரியான் துங்காலை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் 1961ல் வாங்கிய மோரிஸ் மைனர் கார் அது. அவர் காலமான பின் அதனை விற்க எவருக்கும் மனமில்லை. ஓட்டவும் எவரும் முன்வரவில்லை. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் தவறாது இட்டோம். முன்சக்கர மூட்டுகளுக்கு ஒரு முறையேனும் கிரீஸ் இட்டோமில்லை. இவ்வகைக் காரில் அம்மூட்டு வறண்டு தேயுமாயின் சக்கரம் ஒருநாள் அப்படியே மடிந்துவிடும். குங்குமம் அதனைத் தடுக்காதென்று சொல்லவும் வேண்டுமோ? போற்றுதல் வேறு, பேணுதல் வேறு என்பதைப் பட்டறையிலேதான் கற்றோம்.

இவ்வண்டியின் உடலே அதன் பாரத்தைத் தாங்குவது. ஆதலின் அடித்தகடு துருவேறினால் போவது அழகு மட்டுமன்று, வலிமையும் போயிற்று. துருவின்மேல் சாயம் பூசி மறைத்தல் எளிது, மலிவும் கூட. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெறிந்து புதுத்தகடு பற்றவைத்தலே நேர்மை. அதற்குச் செலவான வெள்ளியைப் புதுக் கார் ஒன்றிற்கு முன்பணமாகக் கட்டியிருக்கலாம் என்பாரும் உளர். அவர்தம் கணக்கில் பிழையில்லை.

நிற்க. இத்தனை மாற்றியபின் இது பாட்டனார் கார்தானா என்று உறவினர் நகைத்தனர். தீசியசின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் மாற்றிக்கொண்டே வந்ததையும், அது அதே கப்பலா என்று அறிஞர் பிணங்கியதையும் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். எமக்கு அப்பிணக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1948ல் அது வெளிவருமுன்னரே, மாதிரி வண்டி குறுகலாயிருக்கிறதென்று அதனை நெடுக இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். என்ஜின் மூடியின் நடுவே ஓடும் தட்டைப் பட்டை அவ்வொட்டின் தழும்பே. பிறக்கும்போதே ஒட்டுப்போட்ட பொருளில் மாசற்ற ஆதியுருவம் தேடுவது பேதைமையன்றோ?

எம்மை வருத்திய வினா வேறு. அது நிறத்தைப் பற்றியது. பழைய படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. வண்டியின்மேல் தெரிந்தது பச்சை. ஆதலின் குடும்பத்தார் அனைவரும் பச்சை என்றே சாதித்தனர். எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் கணவர் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஞாயிறுதோறும் அக்காரைக் கழுவியவர்.

"பச்சை பிறகு அடிச்சது தம்பி. முதல்ல சாம்பல். அவர் கழுவுறப்ப நான்தானே தண்ணி எடுத்துக் கொடுப்பேன்" என்றார்.

கதவின் உட்புறத்தைச் சுரண்டினோம். சாம்பல் நிறமே வெளிப்பட்டது. மூன்று தலைமுறையாக உரிமை கொண்டாடிய எமக்குத் தெரியாதது, கழுவியவர் வீட்டிலே பத்திரமாக இருந்தது!

"தாத்தா இதில் எப்போதாவது ஏறியிருக்கிறாரா, பாட்டி?" என்று கேட்டோம்.

"இல்ல தம்பி. துணியில பால் கறை இருக்கும்னு கிராணி ஐயா ஏத்தமாட்டாரு." கோபமின்றித்தான் சொன்னார்.

பாட்டனாரின் பெருமையைச் சொல்லவே இவ்வண்டியை மீட்கத் தொடங்கினோம். அதனைச் சொல்லுங்கால் இதனையும் சொல்ல வேண்டும். இன்றேல் எமது வேலையும் துருவின்மேல் பூசிய சாயமே.

சாம்பல் நிறமே பூசினோம். மலாக்காவுக்கு முதற்பயணம் புறப்பட்டபோது அவ்வம்மையாரை வீட்டுக்கே சென்று அழைத்தோம். கதவைத் தொட்டுப் பார்த்தார். நிறம் சரிதான் என்றார். கால்வலி, வரவில்லை என்றார். பின்னிருக்கை வெறுமையாகவே சென்றது.