அஞ்சல் எண்ணும் ஐசுவரியமும்

ஓர் ஊரின் மேன்மையை அவ்வூரில் குவிந்து கிடக்கும் பொருளைக் கொண்டு அளக்கலாமா என்னும் கேள்வி மிகப் பழையது. அதற்குச் சில இலக்கங்களிலேயே விடை எழுதிவிடலாம் என்னும் துணிவோ நம் காலத்துக்கே உரியது. அமெரிக்க தேசத்தில் 1963-ஆம் ஆண்டு தொடங்கிய ஜிப் என்னும் அஞ்சல் எண்களைக் கொண்டு, எந்த எண்ணுக்குரிய வட்டாரத்தில் வீட்டின் விலை அதிகம், எந்த எண்ணுக்குரிய மாந்தர் பெருந்தனவந்தர் என்று தரவரிசை வெளியிடுவது பத்திரிகைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலும் விளம்பரம் செய்வோரும் பண்டம் விற்போரும் கடன் கொடுப்போரும் பின்கோடு என்னும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்து மனிதரைத் தரம் பிரிக்கத் தொடங்கியிருக்கின்றனர். இந்த வழக்கம் தர்மத்தின் முன் நிற்குமா என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்துச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நமக்கு நன்மை தரும்.

இந்த எண் பிறந்த நோக்கத்தை முதலில் நினைவு கூர வேண்டும். தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவி வகித்தவரும் சம்ஸ்கிருதத்தில் கவிதைகளும் நாடகங்களும் இயற்றிய பண்டிதருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இம்முறை, 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பல மொழிகளில், பல லிபிகளில், எழுதப் பழகாத கைகளாலும் முகவரி எழுதப்படும் இத்தேசத்தில், ஒரே பெயரைத் தாங்கிய ஊர்கள் எண்ணிறந்தவையாக இருக்க, ஒரு புதுப்பாளையத்துத் தாய்க்கு மகன் எழுதிய கடிதம் வேறொரு புதுப்பாளையத்துக்குப் போய் மயங்கி நிற்கலாகாது என்னும் கருணையே அதன் மூலகாரணம். முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றைக் காட்டும். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைச் சுட்டும். சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த எடப்பாடியும் சங்ககிரியும் நாமக்கல்லுக்குரிய 637-இல் அடங்குகின்றன. 1965-லேயே தனி மாவட்டமாகிவிட்ட தருமபுரிப் பட்டணம் இன்றும் சேலத்துக்குரிய 636-இல் நிற்கிறது. தபால் பை செல்லும் வழியை ஒட்டி எழுந்த இந்த எல்லைகள் ஒரு சமூகத்தின் எல்லைகளாகவோ, அதன் வாழ்வின் எல்லைகளாகவோ ஒருநாளும் கருதப்பட்டவை அல்ல.

அப்படிப்பட்ட எண்ணைச் செல்வத்தின் அளவுகோலாக்கும்போது முதற்கண் மறைந்து போவது உழைப்பு. சேலம் நகரில் 636016 என்னும் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியின் அகன்ற வீதிகளையும், 636006 என்னும் குகைப் பகுதியின் தறி ஓசை கேட்கும் சந்துகளையும் அடுத்தடுத்து வைத்து எது உயர்ந்தது என்று கேட்டால், பட்டியல் உடனே விடை சொல்லிவிடும். முன்னதன் மாளிகைகளைக் காலைதோறும் பெருக்கித் துடைத்து விளங்கச் செய்யும் பெண்கள் எந்த எண்ணிலிருந்து வருகிறார்கள் என்பதை அது சொல்லாது. நாமக்கல்லின் 637001-இல் லாரி அதிபரும், அவருடைய வண்டியை இரவும் பகலும் வடதேசத்துச் சாலைகளில் ஓட்டும் ஓட்டுநரும், வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளியும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் கூலியாளும் ஒரே எண்ணின்கீழ் வாழ்கிறார்கள். இவர்கள் அனைவரின் வருமானத்தையும் கூட்டி வகுத்துக் கிடைக்கும் சராசரி மனிதன் அந்த ஊரில் எந்தத் தெருவிலும் இல்லை.

செல்வம் பிறக்கும் இடம் ஒன்று, அது கணக்கில் ஏறும் இடம் வேறொன்று என்பதை இச்சமவெளியைப் போலத் தெளிவாகக் காட்டும் பிரதேசங்கள் சிலவே. கொல்லிமலையின் சரிவுகளில் மலைவாழ் குடிகள் பயிரிடும் குச்சிக்கிழங்கு கீழே இறங்கி, சமவெளியின் சேகோ ஆலைகளில் அரைபட்டு, ஜவ்வரிசியாகவும் மாவாகவும் உருமாறி, 1981-இல் தோன்றிய சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் தனி வணிகர் வழியாகவும் வடநாட்டுச் சந்தைகளுக்குப் போகிறது. கிழங்கைப் பிடுங்கிய கை மலையிலே இருக்க, லாபம் ஏறும் எண் நகரத்தினுடையதாக இருக்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் அயல் மாநிலங்களின் வறண்ட பூமியைத் துளைத்துத் தண்ணீர் காட்டுகின்றன. அந்தப் புழுதியில் மாதக்கணக்கில் உண்டு உறங்கும் தொழிலாளரின் வியர்வையும், கடன்பட்டுக் கிணறு தோண்டும் எங்கோ ஒரு குடியானவனின் பணமும் சேர்ந்துதான் 637211-இல் மாடி வீடாக எழுகின்றன. ஆதலால் ஓர் எண்ணின் செல்வம் அந்த எண்ணுக்கு மட்டும் சொந்தமானது என்று கருதுவது தர்மத்தில் மட்டுமன்றி, வெறும் கணக்கிலும் பிழையாகும்.

இவ்வளவோடு நின்றால் தீங்கு சிறிது. தரவரிசை காலப்போக்கில் தலைவிதியாகிவிடுவதே பெருந்தீங்கு. அமெரிக்காவில் 1930-களில் நகரங்களின் வரைபடங்களில் சில பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டி, அவை கடன் கொடுக்க ஆபத்தானவை என்று குறித்தார்கள். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் அந்த நிறத்தின்கீழ் வந்தன. தலைமுறைகள் கடந்தும் அந்த வடு அங்கே ஆறவில்லை. நம் நாட்டிலும் கடன் நிறுவனங்கள் சில பகுதிகளைத் தவிர்க்கத் தக்கவை என்று தனியே குறித்து வைப்பதுண்டு. அங்கே பிறந்து வளர்ந்த நாணயமான மனிதன், தன் யோக்கியதையைக் காட்ட வாய்ப்பின்றியே, தன் முகவரியால் தள்ளப்படுகிறான். இதற்குச் சமாதானமாகச் செல்வமும் வறுமையும் பூர்வ ஜன்மத்துக் கர்மபலன் என்று சொல்வாரும் உளர். கர்மக் கொள்கையை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டாலும், வினை அவரவர்க்கே உரியது என்றுதான் நம் முன்னோர் கண்டார்கள். ஒரு தபால் வட்டாரம் முழுமைக்கும் சேர்த்து ஒரு வினை உண்டென்று எந்த ஞானியும் கூறியதாக நான் அறியேன்.

செல்வத்தை இகழ்வது என் கருத்தன்று. வள்ளுவர் பொருளுக்கென்று ஒரு பாலையே வகுத்தார். பொருள் தேடுவதை ஊக்கத்தோடு போற்றினார். எண்ணும் குற்றவாளியன்று; நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த கணிதமேதை ராமானுஜன், தம் கணித ஞானம் அனைத்தும் அத்தாயாரின் அருளே என்று நம்பி, எண்களிலேயே தெய்வீகத்தைக் கண்டவர். குற்றம் அளவுகோலைத் தேர்ந்தெடுத்த புத்தியில் இருக்கிறது. ஒப்புரவு உடையவனின் செல்வத்துக்கு ஊர் உண்ணும் நீர்நிலையையும் ஊர்நடுவே பழுத்த பயன்மரத்தையும் வள்ளுவர் உவமையாக்கினார்; எவராலும் விரும்பப்படாதவனின் செல்வத்துக்கு அதே ஊர்நடுவே பழுத்த நச்சுமரத்தைக் காட்டினார். இரண்டு மரங்களும் ஒரே ஊரின் நடுவே நிற்கின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். தபால் எண்ணைக் கொண்டு நோக்கினால் அவை இரண்டும் ஒன்றே. பசித்தவனின் கண்கொண்டு நோக்கினால் ஒன்று உயிர், மற்றது மரணம்.

இந்தப் பிரதேசத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்கிறது. வருமானத்தைக் கொண்டு இன்று வரிசைப்படுத்தினால் கொல்லிமலை அடித்தட்டில் வைக்கப்படுவது நிச்சயம். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைத்தான் தமிழ் நெஞ்சம் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வரிசைப்படுத்தியது. காட்டிடையே தன்னைக் கண்ட பாணர் கூட்டத்தார் தன் பெயரைச் சொல்லிப் புகழக் கேட்டு அவன் நாணினான் என்றும், வேட்டையில் கிடைத்த ஊனையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அங்கேயே அள்ளிக் கொடுத்தான் என்றும் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். தன் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று தேடிப் பார்க்கும் மனத்துக்கும், தன் பெயர் கேட்டுக் கூசும் மனத்துக்கும் உள்ள தூரமே லோபத்துக்கும் ஈகைக்கும் உள்ள தூரம். ஓரி போரில் காரி என்னும் தலைவனால் மாண்டான். மலை சேரன் கைக்குப் போயிற்று. எனினும் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அம்மலையில் விழா எடுக்கப்படுவது, அதை வென்றவனுக்கன்று, அங்கிருந்து வழங்கியவனுக்கே.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. சேலத்தில் வழக்கறிஞர் தொழிலில் நிறையப் பொருள் ஈட்டி, அந்நகரசபையின் தலைவராகவும் விளங்கிய ராஜாஜி, அத்தொழிலைத் துறந்தபின், 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, குடிசையில் தங்கி, மழை பொய்த்த அக்கிராமங்களின் பெண்களுக்கு நூற்புக் கூலியால் கஞ்சி கிடைக்கும்படி செய்தார். அதற்கு நிலம் அளித்தவர் அவ்வூர்ப் பெருநிலக்கிழார் ஒருவர். பணம் மிகுந்த ஸ்தானத்தை விட்டுப் பணம் இல்லாத ஸ்தானத்துக்குப் போன மனிதரால் அந்தப் புதுப்பாளையம் பெயர் பெற்றது. அதனுடைய மேன்மையை எந்த வருமானக் கணக்கும் எடுத்துக் காட்டியிராது.

ஆகவே பட்டியல்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்றே சொல்கிறேன். எந்த எண்ணில் பள்ளிக்கு ஆசிரியர் போதவில்லை, எந்த எண்ணில் மருத்துவரைக் காண மலையிறங்க வேண்டியிருக்கிறது, எந்த எண்ணில் நெசவாளி கந்துக் கடனில் மூழ்கியிருக்கிறான் என்று கண்டறியவே இக்கணக்கு பயன்படட்டும். பட்டியலின் உச்சியில் தம் எண்ணைக் காண்போர், தம் செல்வம் எத்தனை பிற எண்களின் உழைப்பால் வந்தது என்பதைத் தாமே எண்ணிப் பார்த்து, அந்த ஊர்களுக்குத் தாம் பட்டிருக்கும் கடனைக் கூலியாகவும் பள்ளியாகவும் மருந்தாகவும் தீர்க்கட்டும். கடைக்கோடிக் குடிசைக்கும் கடிதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட எண் அது. நம் செல்வமும் அந்தக் குடிசைவரை போய்ச் சேர்ந்தாலன்றி, செல்வந்த வட்டாரம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.